கிரேடு குறைந்தபோது நான் செய்தது

ஏ கிரேடு வரும் என்று இருந்த பாடத்தில் சி வந்தது. ஆத்திரத்தில் பேராசிரியருக்கு நீளமாக ஒரு மெயில் தட்டினேன், ஆனால் அனுப்பவில்லை. அப்புறம் பாடத்திட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செய்முறைக்கு 20, இரண்டு கட்டுரைகளுக்குத் தலா 15, தேர்வுக்கு 50. என் மதிப்பெண்கள் 18, 12, 12, 38. கூட்டினால் 80. அவர்கள் போட்டிருந்தது 68. சரியாக ஒரு கட்டுரை அளவுக்கு உதைத்தது!

புது மெயிலில் நாலே வரி. கணக்கு, திருத்திய கட்டுரையின் படம், கடைசியில் ஒரு கேள்வி: "இரண்டாம் கட்டுரை கூட்டலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க முடியுமா சார்?" கிரேடை ஏற்றுங்கள் என்று கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டால் எந்த ஆசிரியரும் முதலில் முறைக்கத்தான் செய்வார்.

பதில் இல்லை. மறுமதிப்பீட்டுக்கான கெடு நெருங்கியதால் அவர் அறைக்கே போய், திருத்திய அந்தக் கட்டுரைத் தாளை மேசையில் வைத்தேன். அவர் பட்டியலை உருட்டினார். இரண்டாம் கட்டுரைக் கட்டம் காலி. "அட, இது ஏறவே இல்லையே" என்றார். திருத்தக் கடிதம் அன்றே அலுவலகத்துக்குப் போனது. மாறிய கிரேடு பட்டியலில் ஏறும்வரை அந்தக் கட்டுரைத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன்.