உபுண்டு சர்வரில் ஃபயர்வால் ரீசெட்: செய்யும் முன்பும் பின்பும்

சர்வரில் எதுவும் கனெக்ட் ஆகவில்லை என்றதும் பழி ஃபயர்வால் மேல்தான் விழும். ரீசெட்டுக்கு முன் பிழைச் செய்தியைப் படியுங்கள். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று உடனே வந்தால், பெரும்பாலும் அந்த போர்ட்டில் சர்வீஸே ஓடவில்லை. வெகுநேரம் தொங்கி ‘டைம்ட் அவுட்’ ஆனால் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவின் ‘டினை’ (தடு) விதி, பதிலே அனுப்பாமல் பாக்கெட்டைக் கைவிட்டுவிடும்.

“சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி” கொடுங்கள், எந்த சர்வீஸ் எந்த முகவரியில், எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று தெரியும். சர்வீஸ் 127.0.0.1-இல் (சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் காத்திருந்தால், எந்த விதியை மாற்றினாலும் வெளியிலிருந்து எட்டாது.

அடுத்து “சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்ட்”, விதிகளின் பட்டியல் எண்களோடு வரும். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். மேலே ஒரு ‘டினை’ இருந்தால் கீழே சேர்த்த ‘அலவ்’ (அனுமதி) வீண். “இன்சர்ட் 1” போட்டு மேலே ஏற்றுங்கள். எண் சொல்லி நீக்குகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் பின் பட்டியலை மறுபடி எடுங்கள், எண்கள் நகர்ந்திருக்கும்.

விதிகளில் குறையில்லை, “சூடோ ஜர்னல்சிடிஎல் -கே” காட்டும் லாகில் ‘யூஎஃப்டபிள்யூ பிளாக்’ வரியும் இல்லை என்றால், கிளவுட் தளத்தின் செக்யூரிட்டி குரூப்பை, அதாவது சர்வருக்கு வெளியே அந்தத் தளம் வைக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள். கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளான டாக்கர் திறந்துவிட்ட போர்ட்டுகள் தனிக்கதை: அவை யூஎஃப்டபிள்யூ விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு ரீசெட்தான் வழியென்றால், “சூடோ யூஎஃப்டபிள்யூ ரீசெட்”. பழைய விதிக் கோப்புகள் தேதி, நேரத்துடன் /ஈடிசி/யூஎஃப்டபிள்யூ-வில் பேக்கப் ஆகும், ஃபயர்வாலும் அணைந்துவிடும். இனி வரிசை முக்கியம் (ஒவ்வொன்றுக்கும் முன் “சூடோ யூஎஃப்டபிள்யூ” சேருங்கள்): “டிஃபால்ட் டினை இன்கமிங்”, “டிஃபால்ட் அலவ் அவுட்கோயிங்”, “அலவ் 22/டிசிபி”, கடைசியில்தான் “எனேபிள்”. தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் வேறு போர்ட்டில் ஓடினால் 22-க்குப் பதில் அந்த எண். இது பிசகினால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தொலைவிலுள்ள சர்வர் என்றால், எனேபிளுக்கு முன் “சூடோ சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=10எம் யூஎஃப்டபிள்யூ டிஸேபிள்” கொடுத்து வையுங்கள். மாட்டிக்கொண்டாலும் இந்த டைமர் பத்து நிமிடத்தில் ஃபயர்வாலை அணைத்துக் கதவைத் திறக்கும். இருக்கும் செஷனை மூடாமல், வேறொரு டெர்மினலில் புதிதாக லாகின் செய்து பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை ஃபயர்வால் அனுமதிப்பதால், பழைய செஷன் ஓடுவது எதையும் நிரூபிக்காது. லாகின் ஆனதும் அந்த டைமரை “சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்” மூலம் நிறுத்துங்கள். மறந்தால் ஃபயர்வால் தானாக அணைந்துவிடும்.

இணையத்தில் பலர் சொல்லும் “ஐபிடேபிள்ஸ் -எஃப்” மட்டும் வேண்டாம் (ஐபிடேபிள்ஸ் என்பது யூஎஃப்டபிள்யூவுக்கு அடியில் இயங்கும் கருவி). அது விதிகளை அழிக்குமே தவிர, எந்த விதியும் பொருந்தாத பாக்கெட்டைக் கைவிடும் ‘டிராப்’ என்ற பாலிசியை மாற்றாது. அனுமதிக்கும் விதிகள் போய், தடுக்கும் பாலிசி மட்டும் நிற்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் “ஐபிடேபிள்ஸ் -பி இன்புட் அக்செப்ட்”.