பிரிந்தாகிவிட்டது, அவர் கடன் மட்டும் ஏன் என்னைத் தேடி வருகிறது?

கணவர் தன் பெயரில் மட்டும் வாங்கிய கடனுக்கு, மனைவி என்பதற்காக யாரும் உங்களிடம் பணம் கேட்க முடியாது. உங்கள் கையெழுத்து எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

முதலில் சிபில் அறிக்கையை, அதாவது உங்கள் பெயர் சம்பந்தப்பட்ட கடன்களின் பட்டியலை எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே தனி, கூட்டு, ஜாமீன்தாரர் என்று உங்கள் பங்கு போட்டிருக்கும். எனக்கு வீட்டுக் கடன் ‘கூட்டு’, அவருடைய பைக் கடன் ‘ஜாமீன்தாரர்’ என்று இருந்தது. பைக்கை நான் தொட்டதுகூட இல்லை!

ஜாமீன் லேசானதல்ல. 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-இன்படி கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. விவாகரத்து மனுவில் "தவணையை அவரே கட்டுவார்" என்று எழுதினாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் எழுதுங்கள், நீங்கள் கட்ட நேர்ந்தால் அவரிடம் திருப்பிக் கேட்க உதவும்.

வங்கிக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, கடனை அவர் பெயருக்கு மட்டும் மாற்றக் கேளுங்கள். அவர் சம்பளம் போதாவிட்டால் மறுப்பார்கள். அப்போது வேறு ஜாமீன்தாரர், இல்லையென்றால் வீட்டை விற்று அடைப்பதுதான் வழி. மேலாளர் வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்மா" என்றால் நம்பாதீர்கள், முத்திரையோடு நகல் வாங்குங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்போ இரவு 7-க்குப் பிறகோ அழைக்கக் கூடாது. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம், கட்டணம் கிடையாது.