பழைய கேனோ வாங்கறது ஈசி, அதை மெட்ராஸ் கொண்டாந்து சேக்கறதுதான் கதை

போன வருஷம் ஆலப்புழால ஒரு ரிசார்ட்ல பழைய பைபர் கேனோ, அதாவது துடுப்பு போட்டு ஓட்டற குறுகலான படகு, ஒண்ணு 18,000க்கு குடுத்தாங்க, 15 அடி நீளம், 32 கிலோ. சந்தோஷமா அட்வான்ஸ் போட்டுட்டு வேளச்சேரி வந்து உக்காந்து ஒவ்வொரு மூவர்ஸ் ஆபீஸுக்கா போன் அடிச்சா ஒருத்தர் 26,000ங்கறார், இன்னொருத்தர் 30,000ங்கறார். சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு பாட்டி சொன்னப்ப சிரிச்சிருக்கேன், அன்னைக்கு சிரிப்பு வரல. கடைசில 4,800ல வந்து சேந்துச்சு, எப்படின்னு சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், கேனோல பிரச்சனை வெயிட்டே இல்ல, நீளம்தான். கூரியர்காரங்க அளவை வச்சு வெயிட் போடுவாங்க, நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி பல பேர் 5,000ஆல வகுப்பாங்க, என் போட்டுக்கு 457 x 90 x 40, வகுத்தா 329 கிலோ. தூக்கினா 32, பில்லுல 329. அதனால கூரியர் பக்கமே போகாதீங்க. ரயிலும் இந்த நீளத்துக்கு சரிப்படாது, பாசஞ்சர் ரயில்ல ஒட்டியிருக்கற லக்கேஜ் பெட்டி கதவுல 15 அடி சாமானை திருப்பி உள்ள விடறது நடக்கற காரியம் இல்ல, காத்தடிக்கற கயாக்னா மடிச்சு பைல போட்டு சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டே வந்துடலாம், அது வேற கதை.

உங்களுக்குன்னு தனி வண்டி புடிச்சாலும் தண்டம்தான். 32 கிலோவுக்கு 17 அடி ஐச்சர் வாடகை, அதுவும் டிரைவர் காலியா திரும்பறதுக்கும் சேத்து உங்க தலையிலதான் விழும். வேண்டியது என்னன்னா ஏற்கனவே மெட்ராஸ் வர்ற வண்டியில காலியா இருக்கற 15 அடி இடம். லாரி ஆபீஸ்ல பார்ட் லோடுன்னு சொல்லுவாங்க, ஊர் திரும்பற வண்டின்னா ரிட்டர்ன் லோடு. நம்ம ஊருல இருந்து கேரளாவுக்கு காய்கறி, அரிசி, முட்டைன்னு தினமும் போகுது, திரும்பி வரும்போது அந்த அளவுக்கு சரக்கு கிடையாது, அதனால அந்த பக்கத்துல இருந்து வர்றதுக்கு ரேட் நல்லாவே குறையும். முட்டை வண்டி நாமக்கல்லோட நின்னுடும், அங்க எறக்கி வேற வண்டி மாத்தறது எனக்கு பிடிக்காது, ஏன்னு கீழ சொல்றேன்.

எந்த சரக்கு வண்டின்னும் பாக்கணும், இதை எனக்கு ஒரு புரோக்கர் அண்ணன்தான் சொன்னார். ஆலப்புழால சுத்தி கயிறு, கயித்து மெத்தை, மிதியடின்னு ஏத்துவாங்க, அது லேசு, ஆனா தார்ப்பாய் முட்டற வரைக்கும் அடைச்சிடுவாங்க, உங்களுக்கு இடமே இருக்காது. பெரும்பாவூர்ல இருந்து வர்ற பிளைவுட் வண்டிய கேளுங்க தம்பின்னார். பிளைவுட் பயங்கர கனம், பாதி உயரம் அடுக்கினதுமே டன் கணக்கு முடிஞ்சிடும், மேல மொத்தமும் காலி, கீழ பாய் விரிச்ச மாதிரி தட்டையான தரை வேற. டைல்ஸ், இரும்பு வண்டின்னாலும் இதே கணக்குதான், ஆனா இரும்பு மேல வைக்கறதா இருந்தா கீழ நல்லா மெத்தை போடணும்.

வண்டி தேடறதுக்கு நான் போனது மெட்ராஸ்ல பாரிமுனை, வால்டாக்ஸ் ரோடு லாரி ஆபீஸ்ங்க, அப்புறம் மாதவரம் லாரி டெர்மினல். போன்ல பேசினா வேலைக்கு ஆகாது, நேர்ல போய் ஒரு டீ சொல்லிட்டு பேசுங்க. "போட்டு"ன்னு வாய தொறந்தா அவங்க கண்ணு முன்னாடி காசிமேட்டு விசைப்படகு வந்து நிக்கும், ரேட்டும் அதுக்கேத்த மாதிரிதான். நான் சொன்னது இப்படி: "அண்ணே, காலி பைபர் தொட்டி மாதிரி ஒரு சாமான், 15 அடி, 32 கிலோ, ரெண்டு பேர் தூக்கிடலாம், மேல சும்மா கவுத்து வச்சு கட்டினா போதும், அவசரமே இல்ல, ரெண்டு வாரம் ஆனாலும் பரவால்ல." கடைசி வரிதான் காசை குறைக்கும். நாளைக்கே வேணும்னு சொன்னா நீங்க கஸ்டமர், என்னைக்கு வேணா வரட்டும்னா அவங்களுக்கு சும்மா கிடைக்கற காசு. எனக்கு பதினோரு நாள் ஆச்சு.

பேசும்போது கட்டாயம் கேக்க வேண்டியது, ஏத்தின வண்டியிலயே மெட்ராஸ் வருமா, நடுவுல குடோன்ல எறக்கி மாத்துவாங்களா. இதுக்கு முன்னாடி ஒரு கயாக்கை பார்சல் சர்வீஸ்ல போட்டு வாங்கிக்கட்டிக்கிட்டேன், மூணு குடோன் மாறி வந்துச்சு, எங்கயோ ஒரு புண்ணியவான் இடம் அடைக்குதுன்னு அதை செங்குத்தா சுவத்துல சாச்சு நிறுத்தியிருக்கான், சறுக்கி விழுந்து பின் முனை விரிசல். "உடையும் சாமான், கவனம்"னு நாலு பக்கம் ஒட்டியிருந்தேன், ஒரு ஸ்டிக்கர் மேலயே செருப்பு தடம். அப்புறம் காசிமேட்டுல பைபர் போட்டு ஒட்டற ஒருத்தர் விரிசலை சுத்தி தேச்சு உள்பக்கம் ரெண்டு லேயர் மேட் ரெசின் போட்டு குடுத்தார், இப்ப அந்த இடம்தான் போட்டுலயே ஸ்ட்ராங்.

பேக்கிங்குக்கு பபிள் ரேப் வாங்கி காசை கரைக்காதீங்க. பழைய கோணிப்பை, கிழிஞ்ச டயர் டியூப், வீட்டுல தூக்கி போடற ஃபோம் மெத்தை போதும். முனை ரெண்டுக்கும் ஃபோமை சுத்தி கோணி போட்டு கட்டுங்க, அடி வாங்கறது அங்கதான். கவுத்து வைக்கறப்ப விளிம்பு நேரா பலகையில உக்காரும், அதனால விளிம்பு நெடுக டியூபை நீளவாக்குல கீறி மாட்டி விட்டுட்டேன், அளவெடுத்து தச்ச மாதிரி கச்சிதமா உக்காந்துச்சு. கட்டறது லாரி கயிறா இருந்தா நடு வயித்துல ஒரே இடத்துல இறுக்கக்கூடாது, உள்ள குறுக்குக்கட்டை இருக்கற ரெண்டு இடத்து மேல கட்ட சொல்லுங்க, இல்லன்னா வயிறு அமுங்கிடும். பைபர் இல்லாம பிளாஸ்டிக் கேனோவா இருந்தா இன்னும் கவனம், நம்ம வெயில்ல அது இளகும், இறுக்கி கட்டினபடி ரெண்டு நாள் வந்தா குழி அப்படியே நின்னுடும். துடுப்பை உள்ள போட்டு அனுப்பாதீங்க, தனியா பஸ்ல கூட வந்துடும்.

பேப்பர் பெருசா ஒண்ணும் இல்ல. வித்தவர்கிட்ட ஒரு பில்லோ கையெழுத்து போட்ட லெட்டரோ வாங்கி "பழசு, சொந்த உபயோகத்துக்கு"ன்னு எழுதி விலையையும் போட்டுடுங்க, 50,000 ரூபாய்க்கு கீழதான் இருக்கு, அதனால ஈவே பில் (சரக்கு கொண்டு போக ஆன்லைன்ல எடுக்கற ஜிஎஸ்டி சீட்டு) தொல்லை கிடையாது. எல்ஆர், அதாவது சரக்கு ஏத்தினதுக்கு லாரி ஆபீஸ் குடுக்கற ரசீது, கேட்டு வாங்குங்க, "டு பே"ன்னு போட சொல்லுங்க, இங்க வந்து பாத்துட்டு காசு குடுக்கலாம். அங்க ஏத்துக்கூலி யார் குடுக்கறதுன்னு மொதல்லயே பேசிடுங்க, வேலை செய்யாம சும்மா பாத்துக்கிட்டு நின்னதுக்கே கேக்கற நோக்குகூலிய கேரளால 2018 மே 1ல இருந்து ஒழிச்சாச்சுதான், இருந்தாலும் யார் ஏத்தறதுன்னு தெளிவில்லன்னா வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருக்கணும்.

சொந்த கார்ல போய் கூரை மேல கட்டி எடுத்துட்டு வரலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. போக வர 1,400 கிலோமீட்டர் வச்சுக்குங்க, மேல படகு இருந்தா மைலேஜ் 14 வந்தாலே பெருசு, 100 லிட்டர், பெட்ரோலே 10,000 தாண்டும், அதுக்கு மேல டோல். சின்ன கார் 13 அடிதான், 15 அடி படகு முன்னாடியும் பின்னாடியும் நீட்டிக்கிட்டு நிக்கும், அளவுக்கு மேல சாமான் நீட்டினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஃபைன் 20,000. இன்னோவா மாதிரி 15 அடி தாண்டின வண்டியா இருந்து, எப்படியும் கேரளா டூர் போறீங்கன்னா மட்டும் செய்யலாம், முன்னாடி பின்னாடி முனைய பம்பருக்கு கயிறு போட்டு இழுத்து கட்டுங்க, நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி கட்டினா காத்துல விர்ருனு கத்தாது.

டெர்மினல்ல இருந்து வீடு வரைக்கும் உள்ள கடைசி தூரம்தான் எல்லாரும் மறக்கறது. பெரிய லாரி பகல்ல ஊருக்குள்ள வராது, டெர்மினல்லதான் எறக்குவாங்க. குட்டி யானை புக் பண்ணாதீங்க, தொட்டி 7 அடிதான். பொலேரோ பிக்கப் சொல்லுங்க, வண்டி மொத்த நீளம் 17 அடி கிட்ட வரும், கேபின் மேல கேரியர் இருக்கறதா கேட்டு அதுல சாச்சு கட்டினா வெளிய நீட்டாது. எனக்கு 1,400 ஆச்சு, அதுவும் 4,800க்குள்ளதான். பிக்கப் எங்க சந்துல நுழையலன்னு மெயின் ரோட்டுல இருந்து வீட்டுக்கு மீன்பாடி வண்டியிலதான் வந்துச்சு, காலைல அஞ்சரைக்கு, பின்னாடி நான் முனைய புடிச்சுக்கிட்டு நடந்து வர, பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு மாமி வெள்ளம் வரப்போகுதாப்பான்னு கேட்டாங்க.

எல்ஆர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கோணிய பிரிச்சு விளிம்பையும் முனையையும் தடவி பாத்துட்டு போட்டோ எடுத்துக்குங்க, டிரைவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். வீட்டுக்கு வந்ததும் மாடியில ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு போட்டை நிமித்தி உக்கார வச்சு நாலு பக்கெட் தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க, காலைல அடியில எங்க ஈரமோ அங்க சாக்பீஸ்ல ஒரு வட்டம். எனக்கு மூணு வட்டம் வந்துச்சு.