சூடோமோனாஸுக்கு இரட்டை மருந்து: வீட்டில் கொலிஸ்டின் நெபுலைசர் வைக்கும் முறை

டிபி குணமாகிப் பல வருடம் ஆனபிறகும், அது விட்டுப்போன தழும்பால் சிலருக்கு மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும். டாக்டர் சீட்டில் பிராங்கியெக்டாசிஸ் என்று எழுதியிருப்பார். அந்தச் சளியில் சூடோமோனாஸ் கிருமி குடியேறினால், கொலிஸ்டின் நெபுலைசரையும் (கிருமிக்கொல்லி மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் இழுப்பது) சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. சுவாசப் பிசியோதெரபிஸ்டான நான் நோயாளிகளின் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் நுரையீரல் டாக்டரின் முடிவு.

இரண்டு மருந்து எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்குமே, அதுபோல இந்தக் கிருமியும் தன்னைச் சுற்றிப் பசை கட்டிக்கொள்கிறது. படலத்தில் சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகளைச் சிப்ரோ கொல்லும். ஆக்சிஜன் எட்டாத இடத்தில் மந்தமாகக் கிடப்பவை அதற்குச் சாகாது. அவற்றைக் கொலிஸ்டின் கொல்லும். ஆனால் சுறுசுறுப்பானவை கொலிஸ்டினைத் தாக்குப்பிடித்துவிடும். இதை 2008ல் டென்மார்க் ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1991ல், அதே நாட்டில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்கும் பரம்பரை நோய்) நோயாளிகள் 26 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிருமி தென்பட்டவுடனே இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்த 14 பேரில் 2 பேருக்குத்தான் தொற்று நிலைத்தது. கொடுக்காத 12 பேரில் 7 பேருக்கு நிலைத்தது. அதனால் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை மட்டும் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் பேசுங்கள்.

மருந்தை ஆரம்பிக்கும் முன், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சளி கொடுங்கள். காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளிதான் வேண்டும், எச்சில் உதவாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். டிபி பரிசோதனைக்கும் கூடவே கேளுங்கள். சிப்ரோ வகை மருந்து டிபியைக் கொஞ்சம் அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும். நம் ஊரில் இதை விடவே கூடாது. ரிப்போர்ட்டில் கொலிஸ்டினுக்கு நேராக 'ஐ' (இடைநிலை) என்றிருந்தால் பயப்பட வேண்டாம். பல லேப்கள் பின்பற்றும் அமெரிக்க விதிமுறையில் 2020 முதல் கொலிஸ்டினுக்கு 'எஸ்' (மருந்துக்கு நன்றாகக் கேட்கும்) என்ற பிரிவே கிடையாது.

மூச்சிறைப்புக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிப்ரோ அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். படபடப்பு, வாந்தி, வலிப்புவரை போகலாம். சர்க்கரை மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, வலிப்பு, மயஸ்தீனியா (தசைகள் சோர்ந்துபோகும் நோய்) இருந்தாலும் சொல்லுங்கள். பால், தயிரோடு சிப்ரோவை விழுங்கக் கூடாது. கால்சியம், இரும்பு, அசிடிட்டி மருந்து எடுப்பதானால், அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ சிப்ரோவைப் போடுங்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் வலித்தால் அடுத்த மாத்திரைக்கு முன் போன் செய்யுங்கள்.

இனி நெபுலைசர். முதல் டோஸ் ஆஸ்பத்திரியில்தான். கொலிஸ்டின் சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும். ஊதும் பரிசோதனையை முன்னும் பின்னும் செய்து பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வீட்டில் வரிசை மாறக் கூடாது. முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால். கால் மணி நேரம் கழித்து, டாக்டர் எழுதியிருந்தால் 3 சதவீத உப்புக் கரைசல். பிறகு சளி எடுக்கும் பயிற்சி: ஆழமாக இழுத்து இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் 'ஹா' என்று வேகமாக விடுங்கள். சளி மேலே ஏறியதும் இருமித் துப்புங்கள். "சளியே வரலைங்கறார் மேடம், மருந்தை மட்டும் வெச்சிடட்டுமா?" என்று ஒரு மகள் கேட்டார். கூடாதும்மா, பயிற்சியைச் செய்யச் சொல்லிவிட்டு வையுங்கள் என்றேன். சளி அடைத்த குழாய்க்குள் புகை போகாது. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும்.

கொலிஸ்டின் பொடிக் குப்பியில், டாக்டர் சொன்ன அளவு ஸ்டெரைல் நீரையோ நார்மல் சலைனையோ ஊசியால் விடுங்கள். குலுக்காதீர்கள், நுரை பொங்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினாலே கரையும். கரைத்ததும் உடனே நெபுலைசர் கப்பில் ஊற்றி இழுக்கவிடுங்கள். காலையில் கரைத்து ராத்திரிக்கு எடுத்துவைக்கவே கூடாது: கரைசல் நின்றால் நுரையீரலைப் புண்ணாக்கும் வடிவத்துக்கு மாறிவிடும். முன்கூட்டிக் கரைத்த மருந்தைப் பயன்படுத்திய ஒரு நோயாளி இறந்ததையடுத்து, 2007ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்தது. வேறு மருந்தை அதே கப்பில் கலக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மாஸ்க்கைவிட வாய்க்குழாயில் இழுப்பது நல்லது. ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அறையில் வேண்டாம். ஸ்டீராய்டு இன்ஹேலர் இருந்தால் கடைசியில் எடுத்து வாய் கொப்பளியுங்கள்.

ஒவ்வொரு முறையும் கப்பையும் வாய்க்குழாயையும் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவுங்கள். கம்பெனி கையேடு அனுமதித்தால் தினம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, சுத்தமான துணியில் பரப்பி முழுக்க உலரவிடுங்கள். ஈரமாக டப்பாவில் மூடினால் சூடோமோனாஸ் அங்கேயே வளரும்; கொன்ற கிருமியை மறுபடி நாமே உள்ளே ஊதுவதாகிவிடும்.

மருந்து வைத்ததும் மூச்சு இறுகினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோர்ஸ் முடிந்ததும், சளி குறைந்திருந்தாலும், டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள்.