ஷிப்ட் வேலை தரும் பகல் பொழுது

நைட் ஷிப்ட் முடிந்து கண் எரிய வீடு திரும்பும்போது, எதிரே எல்லோரும் குளித்துத் தலைவாரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பல வருடம் அதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அப்புறம்தான் ஒன்று புரிந்தது. மற்றவர்களுக்கு இல்லாத வார நாள் பகல் என் கையில் இருக்கிறது.

வாரத்தில் ஒரு பகலை உங்களுக்கென்று குறித்து வையுங்கள். வங்கி, டாக்டர் என்று கூட்டம் சேரும் இடங்களுக்கு அன்றே போய் வரலாம். ஆனால் எல்லாப் பகலையும் வீட்டு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்தது, மதியம் பள்ளி வாசலில் போய் நிற்பதுதான். என்னைப் பார்த்ததும் பை குலுங்க ஓடிவருவாள் மகள். ஒன்பது மணி வேலையில் அது எனக்குக் கிடைத்திருக்காது.

சரி, தூக்கம் கெட்டால் இதெல்லாம் நடக்காது. காபியின் கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே பலருக்கும் சுமார் 5 மணி நேரம் ஆகும். அதனால் கடைசிக் காபியை ஷிப்ட்டின் முதல் பாதியிலேயே குடித்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் விழித்துக்கொள்ளும். கனமான திரை போட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். தூங்கும் நேரத்தைத் தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை மதிப்பார்கள்.