ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எங்கே வர வேண்டும்?

தமிழ் எழுத்துகளில் பெரியது, சிறியது என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்காருகிறவர், வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தவறாமல் பெரிதாக இட்டுவிட்டு, நடுவில் வரும் பெயர்ச்சொற்களில் தடுமாறுகிறார். பெயருக்குப் பின் 'அவர்கள்' சேர்த்துப் பழகிய நாம், மதிக்கத்தக்கதாகத் தோன்றும் சொல்லையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கிவிடுகிறோம். விண்ணப்பங்களில் 'ஆஃபீசர்', 'டிபார்ட்மென்ட்', 'சர்டிபிகேட்' ஆகிய அனைத்தும் தலைநிமிர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக்கு உரிய குறி அன்று. இந்தச் சொல் ஒருவருக்கோ ஒன்றுக்கோ இட்ட பெயர் என்று காட்டுவதே அதன் வேலை.

பள்ளியில் படித்த இலக்கணமும் இங்கே சற்றுக் குழப்பும். மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர், மா என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர் என்று படித்திருக்கிறோம். அந்தச் 'சிறப்பு' ஆங்கிலத்துக்குப் பொருந்தாது. உலகில் எத்தனையோ மாமரங்கள் இருப்பதால் 'மேங்கோ' அங்கே பொதுப்பெயர்தான். அதன் எம் சிறியதாகவே இருக்க வேண்டும். அந்த மரம் நிற்கும் சேலம் ஒரே ஊருக்கு இட்ட பெயர் என்பதால் அதன் எஸ் பெரியது.

ஒரே சொல் இரண்டு விதமாகவும் வரலாம். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தை 'யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்று முழுப்பெயரால் குறிக்கும்போது யு பெரியது. அடுத்த வாக்கியத்தில் வெறுமனே 'தி யுனிவர்சிட்டி' என்று சுட்டும்போது சிறியது. உறவுச்சொற்களுக்கு ஒரு சோதனை உண்டு: அச்சொல்லின் இடத்தில் ஆளின் பெயரை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆஸ்க்ட் மதர்' என்பதில் மதருக்குப் பதில் கமலா என்று வைத்தாலும் வாக்கியம் நிற்கிறது. எனவே அந்த எம் பெரியது. 'மை மதர்' என்பதில் அப்படி வைக்க இயலாது என்பதால் சிறியது. பதவிகளும் ஏறக்குறைய இப்படித்தான்: 'பிரசிடென்ட் கலாம்' என்று பெயரோடு ஒட்டி வரும்போது பி பெரியது. தனியாக வரும் 'தி பிரசிடென்ட்' பற்றிப் பதிப்பகங்களிடையே ஒத்த கருத்து இல்லை. எந்த முறையைக் கொண்டாலும் கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

கிழமை, மாதம், மொழி, மதம் ஆகியவற்றின் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, பருவங்களுக்குச் சிறியது. இதனால் பாடங்களைப் பட்டியலிடும்போது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பெரிய எழுத்தும், இயற்பியலுக்கும் வரலாற்றுக்கும் சிறிய எழுத்தும் வரும். திசைகள் சிறியவை, ஆனால் 'சவுத் ஆப்பிரிக்கா' நாட்டின் பெயராதலால் எஸ் பெரியது. அறிவியலில் ஒரு வேடிக்கை: ஜேம்ஸ் வாட்டின் பெயரால் அமைந்த 'வாட்' என்னும் அலகு சிறிய எழுத்தில் தொடங்கும், அதன் குறியீடு மட்டும் பெரிய டபிள்யூ.

வணிகப்பெயர்கள் பெயர்களே என்பதால் அவற்றுக்குப் பெரிய எழுத்து உரியது. சிக்கல் நடுவெழுத்துகளில்தான். வாட்ஸ்அப்பில் டபிள்யூவும் ஏயும் பெரியவை. யூடியூபில் ஒய்யும் டியும். ஃபேஸ்புக்கில் முதல் எஃப் மட்டுமே பெரியது, நடுவில் உள்ள பியைப் பெரிதாக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் இலச்சினையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஓவியரின் விருப்பம். அடிடாஸ் தன் இலச்சினையில் எல்லா எழுத்தையும் சிறிதாக எழுதினாலும், செய்தித்தாள்கள் பெரும்பாலும் பெரிய ஏ இட்டே எழுதுகின்றன. ஐபோனில் ஐ சிறியது, பி பெரியது. அதை வாக்கியத்தின் முதலில் வைத்தால் ஐயைப் பெரிதாக்குவதா என்ற வழக்கு எழும். வாக்கியத்தை மாற்றி அச்சொல்லை உள்ளே தள்ளிவிடுவதே என் வழக்கம்.

சில வணிகப்பெயர்கள் காலப்போக்கில் பொதுச்சொல்லாகிவிடுகின்றன. 'எஸ்கலேட்டர்' ஓட்டிஸ் நிறுவனத்தின் வணிகச்சின்னமாக இருந்து, 1950இல் அமெரிக்காவில் அந்த உரிமையை இழந்தது. இன்று அதற்குச் சிறிய இ போதும். 'ஆஸ்பிரின்' அமெரிக்காவில் பொதுச்சொல், கனடாவில் இன்றும் பேயர் நிறுவனத்தின் வணிகச்சின்னம். நம் ஊரில் நகலெடுக்கும் கடை எல்லாமே ஜெராக்ஸ் கடைதான், எந்த நிறுவனத்தின் இயந்திரம் அங்கே ஓடினாலும். ஆயினும் 'ஜெராக்ஸ்' இன்னும் ஒரு நிறுவனத்துக்கு உரிய பெயர். எழுதினால் பெரிய எக்ஸ் இட்டே எழுத வேண்டும். விண்ணப்பத்தோடு நகலை இணைத்திருப்பதாகச் சொல்லும் இடத்தில் 'ஃபோட்டோகாப்பி' என்று, சிறிய பியுடன் எழுதிவிடுங்கள்.