பழைய நட்சத்திரக் கையெழுத்தா? முதலில் மையைப் பாருங்கள்

பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் கையெழுத்துச் சந்தை மாறிவிட்டது. அவர்களைத் திரையில் பார்த்து வளர்ந்த தலைமுறை குறையக் குறைய, நடுத்தரப் புகழ் பெற்றவர்களின் கையெழுத்துகள் மலிவாகவே கிடைக்கின்றன. மர்லின் மன்றோ, கிரெட்டா கார்போ போன்றவர்களுக்கு மட்டும் மவுசு குறையவில்லை. போலிகளும் அங்கேதான் குவிகின்றன.

வாங்குவதற்கு முன் லென்ஸ் வைத்து மையைப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945-இல்தான். 1937-இல் மறைந்த நடிகை ஜீன் ஹார்லோவின் படத்தில் பால்பாயிண்ட் கோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். (ரசிகர்களுக்குப் போன ஹார்லோ படங்கள் பலவற்றில் கையெழுத்துப் போட்டது அவருடைய அம்மா!) கோடு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. நான் முதலில் தேடுவது நட்சத்திரங்கள் கையெழுத்திட்ட காசோலையும் ஒப்பந்தத் தாளும்தான். அவற்றில் வேறொருவர் கையெழுத்துப் போட்டிருக்க வாய்ப்பு குறைவு.